புளியும் பெருக்க மரமும்: அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர் காத்த மருந்தும் விடுதலையும்



உலகப் பயணி இப்னு பதூதா நம் மதுரைக்கு வந்து தங்கியவர் என்பதைப் பலரும் அறிவோம். கி.பி. 1340களில், சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி மதுரையை ஆண்ட காலத்தில் அவர் இங்கு வந்தார். அப்போது நகரைக் கொள்ளைநோய் ஒன்று சூறையாடிக்கொண்டிருந்தது. நோயுற்றோர் இரண்டு மூன்று நாட்களில் மாண்டனர். சுல்தானின் குடும்பத்தையும் அது விட்டுவைக்கவில்லை. இப்னு பதூதாவும் கடுங்காய்ச்சலில் வீழ்ந்து, தம் ஆயுள் முடிந்தது என்றே எண்ணினார். அந்நிலையில், இவ்வூரில் மிகுதியாகக் கிடைத்த புளியை நீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாட்கள் வயிறு போயிற்று, காய்ச்சலும் நீங்கிற்று. அந்த மருந்தைத் தம் உள்ளத்தில் உதிக்கச் செய்தவன் அல்லாஹ்வே என்று தம் பயண நூலில் நன்றியுடன் பதிவு செய்துள்ளார்.

அரபியர் புளியைத் 'தம்ர் ஹிந்தி' என்றனர். இந்தியப் பேரீச்சை என்பது அதன் பொருள். ஆனால் புளியமரத்தின் தாயகம் ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலம் என்பதே தாவரவியலார் பலரின் முடிவு. பன்னெடுங்காலத்திற்கு முன்பே கடல் கடந்து வந்து, நம் சாலையோரங்களிலும் ரசத்திலும் குழம்பிலும் கலந்து, நம்முடையதாகவே ஆகிவிட்ட மரம் அது. மதுரையில் ஒரு மொராக்கோ நாட்டவரின் உயிரைக் காத்த மருந்தும் அவர் பிறந்த கண்டத்திலிருந்தே வந்தது.

மரங்கள் தாமாகக் கடல் கடப்பதில்லை. விதையை மடியில் முடிந்துகொண்டு வந்த மனிதர்கள் இருந்திருக்க வேண்டும். அவர்களுள் வணிகர் உண்டு, மாலுமிகள் உண்டு, விலைக்கு விற்கப்பட்டவர்களும் உண்டு. முதலிருவரின் பெயர்களை வரலாறு ஓரளவு எழுதி வைத்தது. மூன்றாமவரின் பெயர்களை எழுதியவர் மிகக் குறைவு. அவர்கள் தடத்தை மரங்களிலும் மருந்துகளிலும் கைவேலைகளிலும் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பப்பரப்புளி என்னும் சாட்சி

இலங்கையின் மன்னார்த் தீவில் பள்ளிமுனை என்னும் இடத்தில் ஒரு மாபெரும் மரம் நிற்கிறது. உயரம் 7.5 மீட்டர் அளவே. அடிமரத்தின் சுற்றளவோ ஏறத்தாழ 19.5 மீட்டர். அரபு வணிகர் 1477ஆம் ஆண்டில் நட்டது என்பது அவ்வூர் வழக்கு. தமிழில் அதனைப் பெருக்க மரம் என்கிறோம். பப்பரப்புளி, ஆனைப்புளி என்ற பெயர்களும் உண்டு. பப்பரம் என்பது அயல்நாடொன்றைக் குறிக்கும் பழஞ்சொல். ஆக, இது பிற நாட்டு மரம் என்ற நினைவைத் தமிழ் தன் பெயரிலேயே காத்து வைத்திருக்கிறது.

கர்நாடகத்தில் நவாபுகள் ஆண்ட சவனூரில் மூன்று பெருக்க மரங்கள் உள்ளன. அங்கே கன்னடத்தில் 'தொட்ட ஹுணசே', அதாவது பெரிய புளி என்கின்றனர். இந்தியில் அதன் பெயர் 'கோரக் இம்லி'; அதிலும் புளி உண்டு. கோல்கொண்டாக் கோட்டைக்குள் நிற்கும் மரத்தின் சுற்றளவு சுமார் 27 மீட்டர். முன்பு வந்த ஆப்பிரிக்க மரத்தின் பெயரையே பின்பு வந்த ஆப்பிரிக்க மரத்திற்கும் நம் முன்னோர் சூட்டினர். இரண்டுக்கும் தாயகம் ஒன்றே என்பதை அவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

ஆப்பிரிக்கருக்கு இம்மரம் ஒரு மருத்துவச்சாலை. கனியின் புளிப்புச் சதையை நீரில் கரைத்துக் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்கிற்கும் தருவர். இலை கீரையாகும். பட்டையை உரித்துக் கயிறு திரிப்பர். மற்ற மரங்களாயின் பட்டுவிடும், இதுவோ உரித்த பட்டையை மீண்டும் வளர்த்துக்கொள்ளும். சூடான் முஸ்லிம்கள் இதனைத் 'தபல்தி' என்று அழைத்து, அடிமரத்தைக் குடைந்து கோடைக்கு நீரைச் சேமித்து வந்தனர்.

இம்மரம் இந்தியாவுக்கு எவ்வாறு வந்தது? 2015ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வொன்று இந்திய மரங்களை ஆப்பிரிக்க மரங்களோடு ஒப்பிட்டது. ஒரே முறையில் வந்ததன்று, பல காலங்களில் பலமுறை கொண்டுவரப்பட்டது என்றும், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கடற்கரைப் பகுதிகளோடு நெருங்கிய உறவுடையது என்றும் அதன் முடிவு அமைந்தது. அதே கரைகளிலிருந்துதான் ஆப்பிரிக்க மக்களும் படைவீரராகவும் மாலுமிகளாகவும் அடிமைகளாகவும் இந்தியா வந்தனர்.

ஹபஷிகளும் சித்திகளும்

அபிசீனியாவை அரபியர் ஹபஷா என்பர். அங்கிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவின் பிற பகுதிகளிலிருந்தும் வந்தோர் இந்தியாவில் ஹபஷி என்றும் சித்தி என்றும் அழைக்கப்பட்டனர். குஜராத் கடற்கரையில் தாம் ஏறிய கப்பலில் ஐம்பது ஹபஷி வீரர்கள் காவலுக்கு இருந்ததையும், இக்கடலின் பாதுகாப்பே அவர்களை நம்பியிருந்ததையும் இப்னு பதூதா குறிப்பிடுகிறார்.

இவ்விடத்தில் நாம் ஒன்றை மறைக்காமல் பேச வேண்டும். இந்தியப் பெருங்கடலின் அடிமை வணிகத்தில் முஸ்லிம் வணிகருக்கும் ஆட்சியாளருக்கும் பங்கு இருந்தது. அடிமையை விடுதலை செய்வதை மார்க்கம் பெரும் நன்மையாக்கியது; பல குற்றங்களுக்குப் பரிகாரமாகவும் வைத்தது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பாங்கொலியாக ஒலித்தவர் ஹபஷாவைச் சேர்ந்த பிலால் (ரலி) அவர்கள். இவற்றையெல்லாம் மிம்பரில் கேட்ட சமூகத்தில்தான் சந்தையில் மனிதரும் விலைபோயினர். போர்ச்சுகீசியர் செய்ததைக் கண்டிக்கும் நாவு இதனையும் சொல்லக் கடமைப்பட்டது.

அடிமைகளின் பெயர்களே அதற்குச் சான்று. வாசனைப் பொருள்களின் பெயர்களையும் மணிகளின் பெயர்களையும் உடைமையாளர் அவர்களுக்குச் சூட்டினர். 1311இல் படையோடு மதுரை வந்த மாலிக் காஃபூர் ஆப்பிரிக்கர் அல்லர், குஜராத்தில் பிடிபட்டவர். எனினும் அடிமையாக அவர் பெற்ற பெயருக்குக் கற்பூரம் என்பதே பொருள். தாய் தந்தை இட்ட பெயர் போய், கடைச்சரக்கின் பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும் நிலை அது.

அவ்வாறு 'அம்பர்' என்று பெயரிடப்பட்ட ஓர் எத்தியோப்பியச் சிறுவன் இருந்தான். அவனது இயற்பெயர் சாப்பு. 1548ஆம் ஆண்டளவில் பிறந்து, அரபு நாட்டுச் சந்தைகளில் கைமாறி, தக்காணத்தின் அகமதுநகரில் செங்கிஸ் கான் என்ற அமைச்சரிடம் வந்து சேர்ந்தான். அந்த அமைச்சரும் ஒரு ஹபஷியே. அவர் இறந்தபின் அம்பர் விடுதலை பெற்றார், வீரரானார், படை திரட்டினார். 1600இல் அகமதுநகர்க் கோட்டை முகலாயரிடம் வீழ்ந்தபோது, நிஜாம்ஷாஹி குடும்பத்து இளவரசர் ஒருவரை அரியணையில் அமர்த்தி, ஏறத்தாழ கால் நூற்றாண்டு முகலாயப் பேரரசை எதிர்த்து நின்றார். சத்ரபதி சிவாஜியின் தந்தை ஷாஹாஜியும் மாலிக் அம்பரின் படையில் போரிட்டவர். மலைகளையும் காடுகளையும் அரணாகக் கொண்டு திடீரென்று தாக்கி மறையும் போர்முறையில் அவர் வல்லவர்.

அவரை வெல்ல இயலாத ஜஹாங்கீர், ஓவியர் அபுல் ஹசனைக் கொண்டு ஓர் ஓவியம் தீட்டச் செய்தார். அதில் மாலிக் அம்பரின் துண்டித்த தலை ஈட்டி முனையில் இருக்கிறது. பேரரசர் உலக உருண்டைமேல் நின்று அதன்மீது அம்பு எய்கிறார். போர்க்களத்தில் நடவாதது ஓவியத்தில் நடந்தது! மாலிக் அம்பரோ 1626இல் முதுமையில் இறந்து குல்தாபாத்தில் அடக்கமானார். 1610இல் அவர் அமைத்த கட்கி நகரமே பிற்கால ஔரங்காபாத். அந்த வறண்ட நிலத்திற்கு நிலத்தடிக் கால்வாய்கள் வழியே அவர் கொண்டுவந்த நீர் இன்றும் 'நஹ்ரே அம்பரி' என அவர் பெயராலேயே வழங்குகிறது. அடிமையின் பெயர் ஆற்று நீருக்குப் பெயரானது.

கல்லில் தளிர்த்த மரம்

அகமதாபாத் நகரின் நடுவே சித்தி சையித் பள்ளிவாசல் உள்ளது. அதனைக் கட்டியவர் ஹபஷி இனத்தவரான சித்தி சையித். ஆண்டு 1572–73. குஜராத் சுல்தான்களின் ஆட்சியை அக்பர் முடித்து வைத்த அதே காலம். அப்பள்ளியின் மேற்குச் சுவரில், தொழுவோர் முகம் நோக்கும் கிப்லாத் திசையில், அரைவட்டச் சாளரங்களில் கல்லைச் சல்லடையாகச் செதுக்கியிருக்கின்றனர். அவற்றுள் ஒன்றில் ஒரு மரம் கிளை பரப்பிச் சுருண்டு வளைந்து எழுகிறது. அதனூடே ஒரு பனை நிமிர்ந்து நிற்கிறது. மாலை வெயில் அக்கிளைகளுக்கிடையே புகுந்து தரையில் நிழற்கோலமிடும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் அப்பள்ளிவாசல் அரசு அலுவலகமாக மாற்றப்பட்டிருந்தது. கர்சன் பிரபு காலத்தில்தான் அது மீட்கப்பட்டது. இன்று அந்த மரமே அகமதாபாத் நகரின் அடையாளம். இந்தியாவின் புகழ்பெற்ற மேலாண்மைக் கல்வி நிறுவனம் ஒன்று தன் சின்னத்தையும் அதிலிருந்தே அமைத்துக்கொண்டது. ஆயினும் அச்சின்னத்தை அணிந்து திரிவோருள் எத்தனை பேர், அது ஓர் ஆப்பிரிக்கர் நமக்கு விட்டுச்சென்ற மரம் என்பதை அறிவர்?

அரண்மனைகளை எட்டாத சித்திகளின் கலை வேறு வகை. கோவாவில் போர்ச்சுகீசியரிடம் அடிமைகளாயிருந்த ஆப்பிரிக்கருள் பலர் தப்பியோடி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் புகுந்தனர். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாளப் பகுதிகளில் அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அவர்களுள் உண்டு. காடே அவர்களுக்குக் கோட்டையும் உணவும் மருந்தும் ஆயிற்று. 2003ஆம் ஆண்டில்தான் அரசு அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தது.

அங்குள்ள சித்திப் பெண்கள் பழந்துணிகளைத் துண்டு துண்டாக இணைத்துக் 'கவந்தி' என்னும் போர்வை தைக்கின்றனர். ஒரு மூலையில் தொடங்கி ஓரத்தோடு ஓரமாகத் தைத்துச் சுற்றி, நடுவில் வந்து முடிப்பர். முடிந்தபின் நான்கு மூலைகளிலும் மடித்த சிறு முக்கோணத் துணிகளை வைப்பர். அதற்குப் 'பூலா', அதாவது பூ என்று பெயர். பூ வைக்காத போர்வை ஆடையணியாத உடலைப் போன்றது என்பர். முஸ்லிம் வீட்டுப் போர்வையில் பிறையும் கிறிஸ்தவர் வீட்டுப் போர்வையில் சிலுவையும் இடம்பெறும். பூ எல்லார் போர்வையிலும் உண்டு. நம் பாட்டிமார் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த ஒட்டுப்போர்வையை நினைவில் கொண்டிருப்போருக்கு அந்த உழைப்பின் அருமை புரியும்.

குஜராத் சித்திகளிடம் 'மலுங்கா' என்னும் வில்லிசைக் கருவி உள்ளது. வில்லில் ஒரு சுரைக்குடுக்கையைக் கட்டி ஒலி எழுப்புவர். பிரேசில் நாட்டுக் கறுப்பின மக்களின் 'பெரிம்பாவ்' என்னும் கருவியும் அதே அமைப்பினதே. இரு கடல்களில் இரு திசைகளுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்கள், ஒருவரையொருவர் காணாமலே, ஒரே சுரைக்குடுக்கையைத் தட்டிக்கொண்டிருந்தனர்.

மயில்கொன்றை சொல்லும் துயரம்

அட்லாண்டிக் கடல் வழியே அமெரிக்கக் கண்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர். கரையேறியோர் சுமார் 1 கோடியே 7 இலட்சம். எஞ்சிய 18 இலட்சம் பேருக்குக் கடலே கபுறு ஆயிற்று. கரையேறியோருள் முஸ்லிம்களும் பலர் இருந்தனர்.

நம் வீட்டு முற்றங்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் மயில்கொன்றையை எல்லாரும் அறிவோம். மரியா சிபில்லா மேரியன் என்ற ஓவியப் பெண்மணி 1699இல் தென் அமெரிக்காவின் சுரினாம் நாட்டிற்குச் சென்று, அங்குள்ள பூச்சிகளையும் செடிகளையும் வரைந்து 1705இல் நூலாக வெளியிட்டார். அதில் மயில்கொன்றையை வரைந்த இடத்தில் ஒரு செய்தியையும் எழுதினார். அங்கே அடிமைப்பட்ட பெண்கள் அதன் விதையைக் கொண்டு கருவைக் கலைக்கின்றனர். தம் பிள்ளைகளும் அடிமைகளாகப் பிறந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவ்வாறு செய்கின்றனர். இதனை அப்பெண்களே தம்மிடம் கூறினர் என்பது அச்செய்தி.

கருவைக் கலைப்பது குறித்த மார்க்கச் சட்டத்தை விளக்குவது இக்கட்டுரையின் வேலையன்று. ஒரு தாய் தன் வயிற்றுப் பிள்ளையைப் பார்த்து, நீ பிறவாதிருப்பதே உனக்கு நலம் என்று எண்ணும் நிலைக்கு அவளைத் தள்ளிய கொடுமையைத்தான் இங்குக் காண வேண்டும். பிறக்கும் பிள்ளை முதலாளியின் சொத்துக் கணக்கில் ஏறும். அந்தக் கணக்கைத் தடுக்க அவள் கையில் இருந்த ஒரே ஆயுதம் ஒரு செடியின் விதை. அந்தச் செடியையே நாம் அழகுக்காக வளர்க்கிறோம்.

செடியறிவு ஆயுதமாகும் என்பதை ஆள்வோரும் உணர்ந்திருந்தனர். இன்றைய ஹெய்ட்டியில் மக்கண்டல் என்ற தப்பியோடிய அடிமை மூலிகையும் நஞ்சும் அறிந்தவர். தோட்டத்துக்குத் தோட்டம் ஆள் சேர்த்தவர். 1758இல் பிரெஞ்சுக்காரர் அவரைத் தீயிலிட்டனர். வட அமெரிக்காவின் வர்ஜினியாவிலோ, உரிமையாளரின் இசைவின்றி ஓர் அடிமை பிறருக்கு மருந்து கொடுத்தால் மரண தண்டனை என்று 1748இல் சட்டம் இயற்றப்பட்டது. மருந்து கொடுப்பதற்கு மரணம்! நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து கஷாயம் ஊட்டிய மூதாட்டியைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது.

செடியறிவு எப்போதும் விடுதலைக்கே பயன்பட்டது என்றும் சொல்வதற்கில்லை. சுரினாமில் குவாசி என்ற ஆப்பிரிக்கர் காய்ச்சல் தீர்க்கும் கசப்பு மரம் ஒன்றை வெள்ளையருக்குக் காட்டினார். வகைப்பாட்டியலின் தந்தை லின்னேயஸ் அம்மரத்திற்கு அவர் பெயரையே சூட்டினார். ஆனால் காடுகளில் தப்பி வாழ்ந்த தம் இனத்தவரை எதிர்த்து வெள்ளையருக்கு உதவியவரும் அவரே. மரத்தின் பெயரில் அவர் புகழ் நிற்கிறது. காட்டு மக்களின் நினைவில் அவர் துரோகியாக நிற்கிறார். கல்வி யாருக்குப் பயன்பட வேண்டும் என்று மாணவருக்குச் சொல்லித்தர இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அவ்வாறு காட்டில் தப்பி வாழ்ந்தோர் மரூன்கள் எனப்படுவர். அவர்களுள் சாரமாக்கா மக்கள் 1762இல் டச்சு ஆட்சியோடு உடன்படிக்கை செய்து தம் விடுதலையை ஒப்புக்கொள்ளச் செய்தனர். சுரினாமில் அடிமைமுறை ஒழிந்ததோ 1863இல்தான். நூறாண்டு முன்னரே விடுதலை பெற்ற அம்மக்களின் வாய்மொழி வரலாறு ஒன்று உண்டு. அவர்களின் மூதாட்டியர் தோட்டத்திலிருந்து தப்பும்போது நெல்மணிகளைக் கூந்தலுக்குள் மறைத்துக் கொண்டுவந்தனர் என்பதே அது. ஆப்பிரிக்க நெல்வகை இன்றும் அவர்களிடம் விளைகிறது. சில நெல்வகைகளுக்கு அந்த மூதாட்டியரின் பெயர்களே வழங்குகின்றன.

சதக்கா என்ற சொல்

அமெரிக்காவின் ஜார்ஜியாக் கடற்கரையில் சப்பெலோ என்ற தீவு உள்ளது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூட்டா ஜாலோன் பகுதியிலிருந்து பிடித்துவரப்பட்ட பிலாலி முஹம்மது அத்தீவில் அடிமையாக வாழ்ந்தார். அவர் அரபியில் எழுதிவைத்த 13 பக்கங்கள் இன்றும் உள்ளன. ஆராய்ந்தபோது, அவை மாலிக்கி மத்ஹபின் அடிப்படை நூலான இப்னு அபீ ஸைத் அல்கைரவானியின் 'ரிஸாலா'விலிருந்து நினைவில் கொண்டு எழுதியவை எனத் தெரிந்தது. உளூவும் பாங்கும் தொழுகையும் பற்றிய பாடங்கள்! சிறுவயதில் மதரஸாவில் ஓதியதை, கிதாபும் உஸ்தாதும் இல்லாத அந்நிய மண்ணில், அவர் தம் நெஞ்சிலிருந்தே எடுத்து எழுதினார்.

அவருடைய வழித்தோன்றலான பெண்மணி ஒருவர் 1930களில் தம் பாட்டியைப் பற்றிச் சொன்னது பதிவாகியுள்ளது. பாட்டி அரிசியை ஊறவைத்து, உரலில் இடித்து, தேனோ சர்க்கரையோ கலந்து தட்டையான உருண்டைகளாகப் பிடிப்பாராம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவர் கையிலும் ஒன்று தந்து 'சரக்கா' என்பாராம். அச்சொல்லின் பொருள் பேத்தி அறியாதது. சகோதரர்களே, அது சதக்கா! தலைமுறைகள் கடந்து, மொழி போய், கிதாப் போய், தொழுகையும் மறைந்த பின்னரும், ஊறவைத்த அரிசியோடு அந்த ஒரு சொல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜூலி டேஷ் என்ற கறுப்பின இயக்குநர் 1991இல் எடுத்த ஒரு திரைப்படத்தில் அக்கடற்கரைத் தீவு மக்களின் வாழ்வைக் காட்டினார். அதில் பிலால் முஹம்மது என்ற முஸ்லிம் முதியவரும் வருகிறார். முன்னாள் அடிமைகளின் கைகளில் அவுரிச் சாயத்தின் நீலம் நீங்காது படிந்திருப்பதாகக் காட்டப்படுகிறது. அவுரி நம் மண்ணிலும் விளையும் செடிதான்; அதன் இலை இங்கே நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும். அங்கே அது உழைத்தோர் கையில் ஏறிய முத்திரை.

நமக்குரிய பாடம்

சித்திரை வெயிலில் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தருகே கம்பங்கூழ் வாங்கிக் குடிக்கிறோம். கம்பும் சோளமும் கேழ்வரகும் ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்த தானியங்கள். நம் மானாவாரி நிலங்களைப் பஞ்சத்தில் காத்தவை அவை. ஆப்பிரிக்காவின் விதையை வயிற்றுக்குள் விரும்பி ஏற்ற நாம், ஆப்பிரிக்காவின் நிறத்தை வீட்டுக்குள் ஏற்கிறோமா?

நிக்காஹ் பேச்சுத் தொடங்கும்போதே பெண் என்ன நிறம் என்று கேட்கும் வழக்கம் நம் மஹல்லாக்களிலும் இருக்கிறது. மாநிறப் பெண்ணின் தகப்பனார் தலைகுனிந்து திரும்பும் காட்சியும் இருக்கிறது. வெள்ளையருக்குக் கறுப்பரைவிட மேன்மை இல்லை என்று இறுதி ஹஜ்ஜின் உரையில் அண்ணலார் (ஸல்) அறிவித்ததை நம் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். பிலால் (ரலி) அவர்களின் பெயரை மகனுக்குச் சூட்டி மகிழ்கிறோம். அந்தப் பெயருக்குரியவரின் நிறம் மருமகளிடம் இருந்தால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம்? இதனை ஒவ்வொரு குடும்பமும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, இது எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்திருக்கக்கூடும், இதனால் இவ்வூரில் உயிர் பிழைத்த பயணி யார் என்று சொல்லுங்கள். முற்றத்து மயில்கொன்றையைக் காட்டி, வயதுக்கேற்ப அதன் வரலாற்றையும் சொல்லுங்கள். வசதியிருப்போர் ஒரு கன்றும் நடுங்கள். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குச் சதக்காவாகும் என்பது நாம் அறிந்த நபிமொழிக் கருத்து. அவ்வாறாயின், பெயர் பறிக்கப்பட்டு, விலை பேசப்பட்டு, விதையை மட்டும் விடாமல் கொண்டுவந்த அந்த மனிதர்களின் நன்மைக் கணக்கில் நம் ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் ஏறிக்கொண்டிருக்கலாம்.

அவர்களுள் ஈமானோடு மறைந்த அனைவருக்கும் வல்ல அல்லாஹ் உயர்ந்த சுவனத்தை அருள்வானாக. நிறத்தாலும் குலத்தாலும் மனிதரை அளக்கும் நோயிலிருந்து நம் உள்ளங்களைக் குணப்படுத்துவானாக. ஆமீன்.